பறக்காத பூச்சிக்கு நான் ஒட்டிய சிறகுகள்

போன மாதம் ஒரு மதியம், நான் வேலை பார்த்த பூச்சி ஆராய்ச்சி நிலையத்திலிருந்து தொலைபேசி வந்தது. விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு வெளியே வந்து மூன்று வருடமாகிறது. இந்த மூன்று வருடத்தில் அங்கிருந்து வந்த அழைப்புகள் இரண்டு. முதலாவது, மேசை இழுப்பறையின் சாவி எங்கே என்று. இது இரண்டாவது.

பேசியவள் புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் கோயமுத்தூர்ப் பெண். பெயர் சங்கவி.

"மேடம், ஒரு சந்தேகமுங்க. பழைய பெட்டியெல்லாம் படம் எடுத்துட்டு இருக்கோம். ஒரு ஊசியில ஒரு அந்துப்பூச்சி, அதுக்குக் கீழ ஒரு கேப்சூல், கேப்சூலுக்குள்ள நாலு இறக்கை. லேபிள்ல 'ஒட்டியவர் நீலா, பிரித்தவர் நீலா'ன்னு எழுதியிருக்குதுங்க. அந்த நீலா நீங்கதானுங்களா?"

"நான்தான்."

"என்ன நடந்ததுங்க மேடம்?"

"வேலை நடந்தது" என்றேன்.

அது அவளுக்குப் போதவில்லை. இப்போது அங்கே யாரும் சிறகு விரிப்பதில்லையாம். பூச்சி எப்படிக் கிடக்கிறதோ அப்படியே படம் எடுத்து, ஒரு காலை மட்டும் கிள்ளிக் குப்பியில் போட்டு அனுப்பிவிடுகிறார்கள். எங்கோ ஓர் இயந்திரம் அந்தக் காலைப் படித்து இன்னார் என்று சொல்லிவிடுகிறது. சிறகு விரிக்கும் பலகைகள் மாடிப்படிக்குக் கீழே அடுக்கிக் கிடக்கின்றனவாம். எனக்கு அதில் வருத்தமில்லை. ஒட்டுகிறவளுக்கு வேலையில்லாத அலுவலகம் பாதுகாப்பான அலுவலகம். எழுதித் தருகிறேன் என்று சங்கவியிடம் சொன்னேன். எழுதிவிட்டேன்.

பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. ஆறு மாதம் ஈசலை விரித்தேன். அடுத்த ஆறு மாதம் விளக்கில் விழுந்தவற்றை விரித்தேன். பிறகு நம்பி நல்ல பூச்சியைக் கையில் கொடுத்தார்கள். விலங்கியல் பட்டம் ஒன்று என்னிடம் இருந்தது. அது எங்கேயும் குறுக்கே வரவில்லை. சிகந்தராபாத் அல்வாலிலிருந்து பஸ் பிடித்து வருவேன், கை கழுவுவேன், நகம் வெட்டியிருக்கிறதா என்று பார்ப்பேன், உட்காருவேன். ஜீடிமெட்லா மருந்துத் தொழிற்சாலைகள் பக்கமிருந்து வாடை அடிக்கும் நாளில் எங்கள் பாச்சை உருண்டை வாடை தெரியாது. மற்ற நாட்களில் அது என்னோடு வீடு வரை வரும். பஸ்ஸில் என் பக்கத்து இடம் பெரும்பாலும் காலியாகவே இருக்கும்.

காய்ந்த அந்துப்பூச்சி, மடித்து நாளான கடிதம் போல. அவசரமாகப் பிரித்தால் கிழியும். மூடி போட்ட டப்பாவில் ஈர மணல், மணல் மேல் ஒரு தாள், பூஞ்சை பிடிக்காமலிருக்க இரண்டு சொட்டு கார்பாலிக் அமிலம். சின்னப் பூச்சிக்கு ஒரு பகல் போதும்; அதற்குள் விறைப்பு தளரும். பிறகு தலையில்லாத நுண்ணூசியை முதுகின் நடுவில் இறக்கி, பலகையின் பள்ளத்தில் உடலை இருத்தி, முன்சிறகின் தடித்த நரம்புக்குப் பின்னால் ஊசிமுனையை வைத்து மேலே இழுக்க வேண்டும். சிறகின் கீழ்விளிம்பு உடலுக்குச் செங்குத்தாக வந்ததும் நிறுத்த வேண்டும். அதன் மேல் மெல்லிய தாள் பட்டையை வைத்து இறுக்கிவிட்டு, அப்போதுதான் மூச்சு விட வேண்டும். கட்டைவிரல் நகத்தளவு உயிருக்கு முன்னால் பெருமூச்சு ஒரு புயல். மே மாதத்தில் மூன்று நாளில் காயும். மழைக்காலத்தில் இரண்டு வாரம் ஆகும், அதுவும் பக்கத்தில் பல்பு எரிந்தால்.

எனக்கு மேலதிகாரி டாக்டர் வரதராஜுலு. நான்கு தலைமுறையாகச் சிகந்தராபாத். வீட்டில் வட ஆற்காட்டுத் தமிழ், தெருவில் தக்கணி உருது, அலுவலகத்தில் பெரும்பாலும் மௌனம். நான் விரித்து முடித்த பூச்சியை லென்ஸில் பார்ப்பார். மேசையின் இடது பக்கம் வைத்தால் சரி. வலது பக்கம் வைத்தால் மறுபடியும் ஈர டப்பா. என்ன தப்பு என்று சொல்லமாட்டார். கேட்டால் பென்சிலைச் சீவ ஆரம்பிப்பார். பத்து வருடத்தில் வலது பக்கம் குறைந்துகொண்டே வந்து, பிறகு இல்லாமல் போனது. அதைப் பற்றியும் அவர் ஒன்றும் சொல்லவில்லை.

வாயைத் திறந்து அவர் சொன்ன விதி ஒன்றே ஒன்று. சிறகு கழன்ற பூச்சியை அரக்குக் கரைசல் வைத்து ஒட்டும் வழக்கம் எல்லா இடத்திலும் உண்டு. ஒட்டினால் லேபிளில் எழுதிவிட வேண்டும், அவ்வளவுதான். எங்கள் நிலையத்தில் எழுதிவிட்டு ஒட்டுவதும் கிடையாது.

"நக்கோம்மா. ஒட்டறது மட்டும் நக்கோ. உடைஞ்சது உடைஞ்சதாவே இருக்கட்டும். நாம வைத்தியம் பார்க்க வரல. சாட்சி சொல்ல வந்திருக்கோம்."

நக்கோ என்றால் தக்கணியில் வேண்டாம். நான் தலையாட்டினேன். ஆனால் என்னால் முடியவில்லை. பாதிச் சிறகோடு ஒன்று பலகையில் கிடந்தால் என் விரல்கள் வேறு வேலையில் நிற்காது. அவருக்குத் தெரியாமல் ஒட்டினேன். ஒட்டியது தெரியாமல் ஒட்டினேன். ஒட்டினேன் என்று லேபிளில் எழுதினால் விதியை மீறினேன் என்று எழுதியதாகும், அதனால் எழுதவில்லை. இப்படிச் சிலவற்றைப் பறக்க விட்டிருக்கிறேன். எல்லாம் அதனதன் சொந்தச் சிறகுகள்தான் என்று என்னை நானே சமாதானம் செய்துகொள்வேன்.

சார் ஓய்வு பெற நான்கு மாதம் இருக்கும்போது மலையிலிருந்து அந்தக் குப்பி வந்தது.

அனுப்பியவர் செல்வம். தூத்துக்குடிக்காரர், ராணுவ மருத்துவப் பிரிவில் உதவியாளர். லடாக்கில், மரம் செடி எதுவும் வளராத உயரத்தில் ஒரு முகாமில் இருந்தார். மனைவி ஸ்டெல்லா போலாரத்தில் குடியிருப்பு. அங்கேயே ஒரு பள்ளியில் கணக்கு டீச்சர். மாத்திரைக் குப்பிகளில் பூச்சி பிடித்துப் போடுவது செல்வத்தின் பொழுதுபோக்கு. விடுமுறையில் ஊர் திரும்பும் யாராவது கொண்டுவந்து ஸ்டெல்லாவிடம் கொடுப்பார்கள். ஸ்டெல்லா ஸ்கூட்டரில் எங்களிடம் கொண்டுவருவாள்.

அந்தக் குப்பியில் பஞ்சுக்கு நடுவே சாம்பல் நிறத்தில் ஏழு அந்துப்பூச்சிகள் இருந்தன. பாறையைச் சுரண்டினால் வரும் நிறம். ஆறு ஒல்லியாக, முழுச் சிறகோடு. ஏழாவது தடித்த உடம்பு, மயிர் அடர்ந்த முதுகு. சிறகு இருக்க வேண்டிய இடத்தில் நான்கு குட்டைத் துண்டுகள். குப்பியின் அடியில் நான்கு சிறகுகள் தனியாக உதிர்ந்து கிடந்தன. அவற்றுக்குரிய உடல் பஞ்சுக்குள் பொடியாகியிருந்தது. அதை நான் பார்க்கவில்லை. பார்க்கவில்லை என்றால், தேடவில்லை.

என் கணக்கு எளிமையானது. ஒரு பூச்சிக்குச் சிறகு முறிந்திருக்கிறது. நான்கு சிறகுகள் உடம்பில்லாமல் கிடக்கின்றன. அரக்கை ஸ்பிரிட்டில் கரைத்து, ஒற்றை மயிர்த் தூரிகையால் அந்தத் துண்டுகளின் மேல் தொட்டு, சிறகுகளை ஒவ்வொன்றாக வைத்தேன். முதுகு மயிரை ஈரத் தூரிகையால் வாரி இணைப்பை மறைத்தேன். பிற்பகல் முழுவதும் ஆனது. முடித்தபோது அது பறக்கத் தயாராக இருந்தது. நான் அதுவரை செய்ததிலேயே நல்ல வேலை.

சார் பார்த்தார். இடது பக்கம் வைத்தார்.

மூன்று வாரம் கழித்து அவரே என் அறைக்கு வந்தார். அவர் யாருடைய அறைக்கும் போகிறவர் இல்லை, கூப்பிட்டு அனுப்புவார்.

"நீலா, அந்தத் தடிச்சது பொம்பளை. வயித்தப் பிரிச்சுப் பார்த்துட்டேன், முட்டை இருக்கு."

"சரிங்க சார்."

"உனக்கு விளங்கலை. இந்தக் கூட்டத்துல பொம்பளைக்கு இறக்கையே வளராது. சும்மா துண்டு துண்டா இருக்கும். அங்க அடிக்கிற காத்துல பறந்தா போச்சு, முட்டையோட பள்ளத்தாக்குல கிடக்கும். அதனால நக்கோன்னு விட்டுடுச்சு. கல்லுக்கடியில ஓடும், அவ்வளவுதான். எல்லாம் அப்படி. இது ஒண்ணுதான் முழு இறக்கையோட இருக்கு. ஹவ், ஆமா, முழு இறக்கை. பறக்கிற பொம்பளை. இதை இதுவரைக்கும் யாரும் பார்த்ததில்ல."

நான் அவர் சட்டைப் பொத்தானைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மேலிருந்து இரண்டாவது. நூல் தளர்ந்திருந்தது. எத்தனை ஆயிரம் விரித்திருப்பேன். இப்படி ஒரு பெண் பூச்சி உண்டென்று எனக்கு யாரும் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை. விரிக்கிறவளுக்கு எல்லாம் சிறகுதான்.

இதில் என்ன போயிற்று என்று வெளியில் இருப்பவர்கள் கேட்கலாம். ஒரு புதிய இனத்தை முதலில் விவரிப்பவரின் பெயர் அந்தப் பூச்சியின் பெயருக்குப் பின்னால் என்றைக்கும் எழுதப்படும். முப்பத்தைந்து வருடச் சேவையில் சாரின் பெயர் எந்தப் பூச்சிக்குப் பின்னாலும் இல்லை. மற்றவர்கள் அவசரப்பட்டபோதெல்லாம் இவர் சந்தேகப்பட்டார். சந்தேகப்பட்டு ஒதுக்கியவற்றில் இரண்டை வேறு ஊர்க்காரர்கள் எழுதிப் பெயர் வாங்கினார்கள். இப்போது கடைசி நான்கு மாதத்தில், கடைசிப் பெட்டியில், சந்தேகத்துக்கு இடமில்லாத ஒன்று. அதன் சந்தேகம் முழுவதும் என் மேசை இழுப்பறையில், அரக்குக் குப்பியில் இருந்தது.

அன்று மாலை அவர் எல்லோருக்கும் மிர்ச்சி பஜ்ஜி வாங்கிக் கொடுத்தார். நான் இரண்டு சாப்பிட்டேன். மனசு சரியில்லாதபோது தொண்டையில் இறங்காது என்று எழுதுகிறார்கள். இறங்கியது.

பதினோரு நாள் ஒன்றும் சொல்லவில்லை. கட்டுரைக்கு நான் படம் வரைய வேண்டும். முதல் நாள் பேனா சரியில்லை என்றேன். பிறகு வெளிச்சம் சரியில்லை. பிறகு கழுத்து வலி. கழுத்து வலி உண்மையாகவே வந்தது.

எட்டாவது நாள் ஸ்டெல்லா ஸ்வீட் பாக்ஸோடு வந்தாள். பூச்சிக்குச் செல்வத்தின் பெயரை வைக்கப்போவதாகச் சார் போனில் சொல்லிவிட்டிருந்தார்.

"லத்தீன்ல எப்பிடி மேடம் வரும் அவிய பேரு?"

"செல்வமி."

"பொம்பளப் புள்ள பேரு மாதிரில்லா இருக்கு."

"பூச்சிக்குத் தெரியாது" என்றேன்.

சிரித்தாள். "ஸ்கூல்ல ஹெச்.எம். அசெம்பிளியில சொல்லிட்டாவ. ஆயிரம் பிள்ளைய கை தட்டிச்சு. அவிய அங்க ஆக்சிஜன் சிலிண்டர் பக்கத்துல படுத்துக் கெடக்காவ, இங்க கை தட்டு."

நான் ஒரு மைசூர்பாகு எடுத்துக்கொண்டேன். இப்போது நான் ஏமாற்றுகிறவர்கள் இரண்டு பேர். ஒருவருக்குப் பூச்சியின் பின்னால் பெயர், ஒருவருக்குப் பூச்சியிலேயே பெயர். பூச்சிதான் இல்லை.

பன்னிரண்டாம் நாள் சார் கூப்பிட்டு அனுப்பினார். பெட்டி திறந்திருந்தது. நுண்ணோக்கியின் விளக்கு எரிந்தது.

"இறக்கை நரம்பு வரையணும். செதில் மறைக்குது. ஒரு சொட்டு ஸ்பிரிட் விடு, பார்த்துடலாம்."

இது வழக்கமான முறைதான். சிறகில் ஒரு சொட்டு ஸ்பிரிட் விட்டால் செதில்கள் கொஞ்ச நேரம் கண்ணாடி போலாகி, அடியில் நரம்புகள் தெரியும். ஸ்பிரிட் ஆவியானதும் சிறகு பழையபடி ஆகிவிடும். சொந்தச் சிறகுக்கு ஒன்றும் ஆகாது. அரக்கு மட்டும் ஸ்பிரிட்டில் கரையும்.

சிறகின் வெளிப்பாதியில் மட்டும் விட்டு, இணைப்புப் பக்கம் ஓடாமல் பார்த்துக்கொள்ள எனக்குத் தெரியும். என் கை அதற்குப் பழகியது. தூரிகையை எடுத்தேன். ஸ்பிரிட்டில் நனைத்தேன். சிறகுக்கு மேலே கொண்டுபோய் அப்படியே வைத்திருந்தேன். தூரிகையின் நுனியில் சொட்டு திரண்டு, விழலாமா என்று கேட்பது போல் தொங்கியது. சார் பென்சிலோடு குனிந்திருந்தார். அவர் காது மடலில் வெள்ளை மயிர்.

"விட்டா கழண்டுடும் சார்" என்றேன்.

"கைக்கு?" தக்கணியில் ஏன் என்று கேட்டார்.

"நான் ஒட்டினது."

அவர் நிமிரவில்லை. பென்சிலை மேசையில் வைத்தார். அது உருண்டது, விரலால் நிறுத்தினார். அந்தச் சின்னச் செய்கை முடிய நிறைய நேரம் ஆனது போலிருந்தது.

"விடு" என்றார்.

விட்டேன். ஒரு நிமிடம் ஒன்றும் நடக்கவில்லை, நன்றாக ஒட்டியிருந்தேன். பிறகு வலது முன்சிறகு, தூங்குகிறவன் கை கட்டிலிலிருந்து நழுவுவது போல, சரிந்தது. அதன் பிறகு பின்சிறகு. இடது பக்கத்துக்கு இன்னொரு சொட்டு. நான்கையும் இடுக்கியால் எடுத்துக் கண்ணாடித் தட்டில் வைத்தேன். மீதி அரக்கைத் துடைத்தேன். அடியில் அதன் சொந்தச் சிறகுகள் தெரிந்தன. குட்டையாக, கூரிய நுனியோடு, நான்கு.

சார் லென்ஸை எனக்குத் தள்ளினார். "ஓரத்தைப் பாரு."

பார்த்தேன். ஒவ்வொரு துண்டின் விளிம்பைச் சுற்றியும் மயிர் போன்ற செதில்களின் குஞ்சம், ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை, விடுபடாமல். முறிந்த சிறகுக்கு முறிந்த இடத்தில் குஞ்சம் இருக்காது. இது முறியவே இல்லை. முடிந்த சிறகு. முழுதாகவே அவ்வளவுதான். முதல் நாளே லென்ஸை ஒரு முறை ஓட்டியிருந்தால் தெரிந்திருக்கும். நான் குறையைத்தான் பார்த்தேன், விளிம்பைப் பார்க்கவில்லை.

"நீ எங்க ஒட்டியிருக்கேன்னு எனக்குத் தெரியவே இல்ல" என்றார்.

"சார்…"

"பாராட்டலம்மா."

பிறகு புத்தகங்களை எடுத்தார். ஒரு மணி நேரம் ஒப்பிட்டார். ஏற்கெனவே பெயர் உள்ள இனம்தான். வேறு யாரோ, எப்போதோ வைத்த பெயர். அதை ஒரு துண்டுத் தாளில் எழுதிப் பெட்டியில் வைத்தார். கட்டுரையின் கைப்பிரதியை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். அதைக் கிழித்துப் போட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"லேபிள் எழுது. உன் கையால."

என்ன எழுத என்று கேட்டேன்.

"நடந்ததை."

ஒட்டியவர் நீலா. பிரித்தவர் நீலா. கடுகு அளவு எழுத்தில், அழியாத மையில் எழுதினேன். என் கணவர் ஜீடிமெட்லாவில் மருந்துக் கம்பெனியில் இருக்கிறார். அவர் எப்போதோ கொண்டுவந்த வெற்றுக் கேப்சூல்கள் மேசையில் இருந்தன. ஒன்றில் அந்த நான்கு சிறகுகளையும் போட்டு அதே ஊசியில் குத்தினேன். இதுபோல் ஒட்டிய மற்றவை எத்தனை என்று கேட்டார். சொன்னேன். எல்லாவற்றையும் எடுத்துவைத்து அன்றே லேபிள் எழுதச் சொன்னார், பதினான்கு.

"மெமோ கொடுப்பீங்களா சார்?"

"மெமோ எழுதினா நாலு பேர் படிப்பான், ஃபைல் கட்டிடுவான். லேபிள் எழுதினா இந்தப் பெட்டி இருக்கிற வரைக்கும் படிப்பான். எது வேணும்னு நீ சொல்லு."

நான் அடுத்த லேபிளுக்குப் பேனாவை எடுத்தேன்.

"ஸ்டெல்லாகிட்ட நீ போய்ச் சொல்லு" என்றார். "நான் போனா அந்தப் பொண்ணு டீ போடும். குடிச்சுட்டு வந்துடுவேன்."

ஞாயிற்றுக்கிழமை போலாரம் போனேன். ஸ்டெல்லா எனக்கும் டீ போட்டாள். குடிப்பதற்கு முன்னாலேயே சொல்லிவிட்டேன். எல்லாவற்றையும். அவள் துவைத்த சீருடைகளை மடித்துக்கொண்டே கேட்டாள்.

"அப்போ அது பறக்காதா?"

"பறக்காது."

"அவியதான் எழுதியிருந்தாவளே, கல்லுச் சந்துல எறும்பு கணக்கா ஓடுதுன்னு. லெட்டர் இந்தா இருக்கு."

"எங்ககிட்ட சொல்லவே இல்லையே?"

"நீங்க கேக்கலியே மேடம். படிச்சவிய, தெரிஞ்சிருக்கும்னு நெனச்சேன்."

டீயைக் குடித்தேன்.

"அசெம்பிளியில கை தட்டினதத் திருப்பி வாங்க முடியாது" என்றாள். "அத நான் பாத்துக்கிடுதேன். ஆனா அவியகிட்ட நான் சொல்லமாட்டேன். பன்னெண்டு மணிக்குப் போன் வரும். நீங்களே சொல்லுங்க."

போன் வந்தது. அவ்வளவு உயரத்திலிருந்து வரும் குரல் ஒரு வாக்கியம் தாமதமாக வந்தது. நான் சொல்லி முடித்த பிறகும் வெறும் இரைச்சல். காற்றா, கம்பியா தெரியவில்லை.

"மேடம், அது பறக்காதுல்லா" என்றார் செல்வம். "நான் ஒரு மாசமா பாத்தேம்லா. வெயில் வந்தா ஆம்பளப் பூச்சிதான் பறக்கும். அதுவும் தரைய ஒட்டி. பொட்டை கல்லுக்கடியில நிக்கும். பறக்குதுன்னு நீங்க சொன்னதா ஸ்டெல்லா சொன்னப்ப, சரி, நமக்குத்தான் பாக்கத் தெரியலன்னு நெனச்சுட்டேன். ராத்திரி டூட்டி மாத்தி வாங்கி, பகல்ல ரெண்டு வாரம் உக்காந்து பாத்தேன், பறக்குதான்னு."

"மன்னிச்சுடுங்க" என்றேன். ஒரு வாக்கியம் தாமதமாக அது அவரைப் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும்.

"பேரு கெடக்கட்டும் மேடம். ஒண்ணு கேக்கேன். இன்னும் அனுப்பலாமா, வேண்டாமா?"

"அனுப்புங்க."

சார் ஓய்வு பெற்றார். மாலை, சால்வை, சுவர்க் கடிகாரம். ஏற்புரை ஒரு நிமிடம். அதில் பூச்சி எதுவும் வரவில்லை. போகும்போது என் மேசைப் பக்கம் நின்றார். பலகையில் ஒன்று காய்ந்துகொண்டிருந்தது. குனிந்து பார்த்துவிட்டுப் போனார். இடதா வலதா என்று தெரியவில்லை, பலகையை நகர்த்தவில்லை.

அடுத்த வருடம் பனி உருகி மலைப்பாதை திறந்த பிறகு ஸ்டெல்லா ஒரு டப்பாவைக் கொண்டுவந்து வைத்தாள். இந்த முறை குப்பி இல்லை. மருந்துச் சீட்டுத் தாளில் மடித்த பத்துப் பொட்டலங்கள், ஒன்றுக்கு ஒரு பூச்சி. எல்லாமே பெண். ஒவ்வொரு பொட்டலத்தின் மேலும் நீல பால்பாயிண்ட்டில், நிறுத்தி நிதானமாக எழுதியிருந்தார்: "இது உடையவில்லை. இப்படித்தான் இருக்கும்."

ஒன்பதில் அப்படி. பத்தாவதில் மட்டும் வேறு.

"இதில் ஒரு கால் உடைந்துவிட்டது. உடைத்தது நான். ஒட்ட வேண்டாம்."